அறைக்குக் காசு கொடுத்தவர்கள்

என் தோழியின் மகள் 2024இல் அமெரிக்காவில் இயேசு சபையினர் நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அவளுக்கு ஒரு படிவம் வந்துவிட்டது. யாரோடு தங்க விரும்புகிறாய் என்று அதில் கேட்டிருந்தார்கள். சுற்றுச்சூழலில் அக்கறை உள்ளவர்களுக்கு விடுதியில் ஒரு தளம், குடும்பத்திலேயே முதலாவதாகக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கு ஒரு தளம், சமூக நீதி, கலை, மருத்துவம் என்று இன்னும் சில. ஒரே தளத்தில் தங்குகிறவர்கள் ஒன்றிரண்டு பாடங்களையும் சேர்ந்தே படிப்பார்கள். சாப்பாட்டு மேசையிலும் இரவு அரட்டையிலும் வகுப்பு தொடரும் என்பது ஏற்பாடு. ‘லிவிங் லேர்னிங் கம்யூனிட்டி’ என்று அதற்குப் பெயர். செயின்ட் லூயிஸ், ஃபோர்டம், சிகாகோ லயோலா என்று அங்குள்ள இயேசு சபைப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்களுக்கு இப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. தோழி அந்தப் படிவத்தை எனக்கு அனுப்பி, “எதை டிக் பண்ணச் சொல்லலாம்?” என்று கேட்டாள்.

அதே வாரம் பழவேற்காட்டிலிருந்து என் அண்ணன் மகள் போன் செய்தாள். “அத்தே, சீட்டு கெடச்சிடுச்சு. ஆஸ்டல்தான் இல்லியாம்.”

சென்னையில் ஒரு கல்லூரி, பி.காம்.; மதிய ஷிப்ட். மதிய ஷிப்ட் என்றால் என்ன என்பது இதைப் படிக்கும் மாணவிகளில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டணம் கூடுதல், முடிவதற்கு மாலை ஆறரை ஆகிவிடும். அங்கிருந்து சென்ட்ரல் வந்து, கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்து, பொன்னேரியில் இறங்கி, பழவேற்காட்டுக்குப் பேருந்து ஏறி, கடைசியில் ஏரிப் பாலத்தைத் தாண்டி எங்கள் குப்பத்துக்குப் போக வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் இரவு பத்து மணி. சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் அறுபது கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. ஆனால் அந்த அறுபதையும் மூன்று வண்டிகளும் ஒரு பாலமுமாகத் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் சொன்னதை அப்படியே தருகிறேன். “படிக்க வேணாம்னு நான் சொல்லல. ராத்திரி பத்து மணிக்கு பாலத்து மேல தனியா வர வேணாம்னுதான் சொல்றேன்.” எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திய வாக்கியங்களில் பெரும்பாலானவை இந்த வடிவத்தில்தான் இருந்திருக்கின்றன. படிப்புக்கு எதிராக யாரும் பேசுவதில்லை. பேருந்துக்கு எதிராக, இருட்டுக்கு எதிராக, ஊர் வாய்க்கு எதிராகப் பேசுவார்கள். கடைசியில் நிற்பது படிப்புதான்.

இந்த இரண்டு போன்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, சேர்ந்து தங்கிச் சேர்ந்து படிப்பது என்ற இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அமெரிக்கர்கள் இதன் தொடக்கத்தை 1927இல் வைப்பார்கள். அலெக்சாண்டர் மைக்கல்ஜான் என்ற தத்துவப் பேராசிரியர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ‘சோதனைக் கல்லூரி’ ஒன்றை நடத்தினார். மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே கட்டடத்தில். முதலாண்டு முழுக்கப் பழைய ஏதென்ஸைப் பற்றிப் படித்தார்கள், இரண்டாமாண்டு முழுக்க அமெரிக்காவைப் பற்றி. 1932இல் அதை மூடிவிட்டார்கள். கல்வியியல் நூல்கள் இன்றும் அதைக் கொண்டாடுகின்றன. அந்தக் கட்டடத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதை அவை பெரும்பாலும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

இயேசு சபைக்காரர்களின் கதை இதைவிடப் பழையது. அவர்களுடைய சபையே ஒரு விடுதி அறையில்தான் உருவானது என்று சொன்னால் மிகையில்லை. 1529இல் பாரிஸின் சேன்ட் பார்ப் கல்லூரியில், பீட்டர் ஃபேபரும் பிரான்சிஸ் சவேரியாரும் இருந்த அறைக்கு மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். அவர்கள் இருவருக்கும் இருபத்துமூன்று வயது. வந்தவருக்கு முப்பத்தெட்டை ஒட்டிய வயது, போரில் அடிபட்ட காலை இழுத்து நடப்பவர். அவர்தான் இஞ்ஞாசியார். அரிஸ்டாட்டிலைப் புரிந்துகொள்ள அந்த வயதில் அவர் திணறினார், ஃபேபர் சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு ஃபேபரின் மனக் குழப்பங்களுக்கு இஞ்ஞாசியார் துணை நின்றார். சவேரியார் சுலபத்தில் மசியவில்லை, அதற்குச் சில வருடங்கள் பிடித்தன. 1534இல் மோன்மார்த்ர் குன்றில் ஏழு பேர் வார்த்தைப்பாடு எடுத்தார்கள். 1540இல் சபைக்கு அங்கீகாரம். 1542இல் சவேரியார் நம்முடைய முத்துக்குளித்துறைக்கு வந்து, தெருத்தெருவாக மணியடித்துப் பரதவப் பிள்ளைகளைக் கூட்டி, தட்டுத்தடுமாறிய தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தார். ஓர் அறையில் மூன்று பேர் தங்கியதன் விளைவு பதின்மூன்று வருடத்தில் தூத்துக்குடிக் கரைவரை வந்துவிட்டது.

இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் இதற்கு யார் செலவு செய்தார்கள் என்று பார்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இஞ்ஞாசியாரின் படிப்புக்கு உதவியவர்களில் முக்கியமானவர் பார்சலோனாவைச் சேர்ந்த இசபெல் ரோசர் என்ற பெண்மணி. கணவர் இறந்தபின் அவர் ரோமுக்குப் போய், தானும் அந்தச் சபை வாழ்வில் சேர விரும்பினார். 1545 கிறிஸ்துமஸ் நாளில் அவரும் வேறு இரு பெண்களும் வார்த்தைப்பாடு எடுத்தார்கள். பத்து மாதம்கூட ஓடவில்லை. 1546இல் இஞ்ஞாசியாரே திருத்தந்தையிடம் கேட்டு அவர்களை விடுவித்துவிட்டார். ‘விடுவித்தார்’ என்ற சொல்லின் அழகைக் கவனியுங்கள். அதன்பின் பெண் ஒருவரை மட்டும் அவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டி வந்தது: ஸ்பெயின் இளவரசி ஹுவானா. அரச குடும்பத்தாரை மறுக்க முடியாது. ஆகவே 1554இல் ரகசியமாக, மத்தேயோ சாஞ்செஸ் என்ற ஆண் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். கடிதங்களில் அவரை அந்தப் பெயரால்தான் குறிப்பிட்டார்கள். 1995இல் நடந்த 34ஆவது பொதுப்பேரவையில் இயேசு சபை பெண்களின் நிலைபற்றி ஒரு தனி ஆணையே வெளியிட்டு, பெண்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள் என்று தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. கேட்கிறார்கள் என்றே நம்புகிறேன். ரோசருக்கும் அந்த ஆணைக்கும் நடுவில் நானூற்று ஐம்பது வருடங்கள்.

நம் ஊருக்கு வருவோம். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிப் பிறகு திருச்சிக்கு மாறிய புனித வளனார் கல்லூரியும், 1925இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய லயோலாவும் ஆண்களின் கல்லூரிகளாகத்தான் பிறந்தன. அவற்றின் விடுதிகள் கடலோரத்துப் பையன்கள் பலருக்குக் கதவு திறந்துவிட்டன என்பதை மறுக்க முடியாது. எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் அப்துல் கலாம். ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்தவரின் மகன். 1950இல் வளனார் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கினார். ஓர் அறைக்கு மூன்று பேர். ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், ஒருவர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர், மூன்றாமவர் ராமேஸ்வரத்து முஸ்லிம். ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அந்த அறையை அவர் சந்தோஷமாக நினைவுகூர்கிறார். சைவ மெஸ்ஸுக்குச் செயலாளராகவும் இருந்திருக்கிறார். அந்த அறையில் யாரும் ‘சமூக நல்லிணக்கம்’ என்று பாடம் எடுக்கவில்லை. மூன்று பேர் ஒரே குழாயடியில் பல் தேய்த்தார்கள், அவ்வளவுதான்.

அதே நூலில் இன்னொரு செய்தி. வளனார் முடித்து எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது; தந்தையிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த நகையை என் சம்பாத்தியத்தில்தான் மீட்பேன் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார். இந்த இடத்தைப் பள்ளிக்கூட விழாக்களில் தியாகம் என்ற சொல்லைப் போட்டு முடித்துவிடுவார்கள். நான் அந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்க்கிறேன். பார்சலோனாவில் ரோசரின் பணம், ராமேஸ்வரத்தில் ஜொஹராவின் வளையல். அறைக்குக் காசு கொடுத்தவர்கள் அறைக்குள் இல்லை.

கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3, 1980 ஜூலை 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. ஸ்ரீஹரிகோட்டா எங்கள் ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவில் கிடக்கும் தீவு. ராக்கெட் விடும் நாள்களில் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வரும். அன்றைக்கு வலை காயும், ஆண்கள் சீட்டாடுவார்கள், அம்மா விற்பதற்கு ஒன்றும் இல்லாமல் வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பாள். ஒரு கடலோரத்துப் பையனுக்குக் கிடைத்த விடுதி அறை எவ்வளவு உயரம் கொண்டுபோகும் என்பதைப் பார்க்க எங்கள் குப்பத்தைவிடத் தோதான இடம் கிடையாது.

நான் விடுதியில் சேர்ந்தது 1996இல். பெண்கள் விடுதி, அறைக்கு நான்கு பேர். பெயர் வேண்டாம். கட்டணம் முழுவதும் அம்மா இறால் விற்ற காசு. ரசீதில் அப்பா பெயர் இருந்தது. ‘தந்தை அல்லது காப்பாளர்’ என்ற ஒரு கட்டம் மட்டுமே அதில் உண்டு. பார்வையாளர் நேரம் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, மதியம் இரண்டிலிருந்து நான்கு. மீன் விற்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. அம்மா சரக்குக்கு வரும் கிழமைகளில், கூடையைக் காலி செய்துவிட்டு நேரே வந்து கேட்டுக்கு வெளியே நிற்பாள். வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். நான் மாடி ஜன்னலிலிருந்து கையாட்டுவேன். அவள் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நோட்டுகளை வாட்ச்மேன் வாங்கி ஆபீஸில் கொடுப்பார். அந்த நோட்டுகள் மட்டும் எல்லாக் கிழமைகளிலும் உள்ளே வரலாம்.

வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள். ஆறு மணிக்கு கேட் பூட்டு. ஏழிலிருந்து ஒன்பதுவரை ‘ஸ்டடி’, பேசக்கூடாது. அதாவது சேர்ந்து தங்கவைத்தார்கள், சேர்ந்து படிப்பதற்கு மட்டும் தடை.

ஆனாலும் நாங்கள் சேர்ந்து படித்தோம், பத்து மணிக்கு விளக்கணைத்த பிறகு. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவள் புத்தகத்தின் பின்பக்கத்தில் அகரவரிசையில் பெயர்கள் இருக்கும், அதை வைத்து வேண்டிய பக்கத்தை நேராகத் திறக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தாள். அதுவரை நான் ஒவ்வொரு புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். நான் அவர்களுக்கு அலையையும் நீரோட்டத்தையும் பற்றிச் சொன்னேன். அமாவாசைக்கு ஏரிக்குள் தண்ணீர் எப்படி ஏறும், முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் இறால் ஏன் வராது என்று. கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டார்கள். மாதவிலக்கு வலிக்கு மாத்திரை போடலாம் என்பதையும், கல்யாணம் வேண்டாம் என்று ஒரு பெண் சொல்லலாம் என்பதையும் அந்த இருட்டில்தான் கேள்விப்பட்டேன். சாதியும் அந்த இருட்டில்தான் வந்தது. “உங்க வீட்ல என்ன சாமி கும்பிடுவீங்க?” என்று ஒருத்தி கேட்டாள். கங்கையம்மன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவளே, “கடல் சாமியா?” என்றாள். அடுத்த மாதம் என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். எல்லாரும் அப்படி மாறினார்கள் என்று சொல்லமாட்டேன். நான்காவது கட்டிலில் இருந்தவள் கடைசிவரை தன் டம்ளரைத் தனியாகத்தான் வைத்துக்கொண்டாள்.

கலந்து தங்குவது நம் ஊரில் தானாக நடப்பதில்லை. விடுதியின் வரலாறே யாரை எதில் சேர்ப்பது என்ற வரலாறுதான். 1930இல் தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் சிலர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பிராமணப் பெண்கள் விடுதியும் அவர்களைச் சேர்க்கவில்லை, பிராமணரல்லாத பெண்கள் விடுதியும் சேர்க்கவில்லை. அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. சட்டமன்றத்தில் துணைத் தலைவராக இருந்த பெண்மணிக்கே சென்னையில் மூன்று சிறுமிகளுக்குக் கட்டில் வாங்கித்தர முடியவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்றும் அரசு விடுதிகள் துறைவாரியாகத்தான் இருக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு ஒரு துறை. எங்களைப் போன்ற மிகப் பிற்படுத்தப்பட்டவர்களுக்கும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கும் இன்னொரு துறை. அந்த விடுதிகள் இல்லையென்றால் லட்சக்கணக்கானோர் படித்திருக்கவே முடியாது, அதைக் குறைத்துப் பேசுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் வரும். 2025 ஜூலையில் இவை எல்லாவற்றுக்கும் ‘சமூக நீதி விடுதிகள்’ என்று தமிழக அரசு பெயர் வைத்தது. நல்ல பெயர். பலகை மாறியபின் பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் வீட்டுப் பெண்ணும் வலைக்காரர் வீட்டுப் பெண்ணும் ஒரே அறையில் தங்குவார்களா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கப் படிவத்தில் இருந்த அந்தத் தளங்களைப் பார்த்தபோதும் எனக்கு இதே சந்தேகம் வந்தது. ஒரே அக்கறை உள்ளவர்களை ஒன்றாக வைப்பது என்று தொடங்கி, ஒரே பணம், ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஆங்கிலம் உள்ளவர்களை ஒன்றாக வைப்பதில் போய் முடியாதா? தோழியின் மகளிடம், “நீ எதை வேணும்னாலும் டிக் பண்ணு, ஆனா உன்னை மாதிரியே இருக்கிறவங்க தளம் வேண்டாம்” என்று சொன்னேன். அவள் சிரித்தாள். கலைத் தளத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்று பிறகு தெரிந்தது.

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மாலை ஆறிலிருந்து இரவு பத்துவரை பெண்கள் செல்போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருந்தது. மறுத்த மாணவி ஃபஹீமா ஷிரின் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும். இந்தத் தீர்ப்பை நான் முதலாண்டு மாணவிகளுக்கு எப்போதும் சொல்வேன். சொன்னதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “அவங்க அப்பா என்ன சொன்னாரு மேடம்?” அவர் தந்தை மகளுக்குத் துணையாக நின்றார் என்றதும், “அதான்” என்பார்கள். நீதிமன்றத்தைவிட அந்த ‘அதான்’தான் அவர்களுக்குக் கனமாகத் தெரிகிறது.

என் அண்ணன் கெட்டவன் இல்லை. எங்கள் குப்பங்களில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு முடிவு செய்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடாமல் எல்லாருக்கும் சுற்றிவரும். ஆராய்ச்சியாளர்கள் வந்து வியந்து எழுதிவிட்டுப் போகும் முறை அது. பொதுச் சொத்தைச் சண்டையில்லாமல் பகிர்வதற்கு உதாரணம் என்பார்கள். உண்மைதான். பையன்கள் பத்து வயதிலேயே அப்பாவோடு படகில் போய் நீரோட்டம், காற்று, சேற்றின் நிறம் எல்லாம் கற்றுக்கொள்வார்கள். வாழ்வதும் கற்பதும் அங்கே வேறு வேறு இல்லை. ஆனால் பாட்டில் பெயர் இருப்பது அந்தந்தச் சாதியின் ஆண்களுக்கு, குடும்பத் தலைவர்களுக்கு மட்டும். அதே ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தடவும் இருளர் பெண்ணுக்குப் பாடு கிடையாது. கரையில் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, பேருந்தில் கூடையோடு ஏறக்கூடாது என்ற கண்டக்டரிடம் சண்டை போட்டு விற்றுவரும் என் அம்மாவுக்கும் பாடு கிடையாது. அண்ணன் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். முகத்துவாரம் அடைபட்டும், வடக்கே ராக்கெட்டும் தெற்கே துறைமுகமும் அனல்மின் நிலையங்களுமாக நெருக்கியும், அந்தப் படிப்புக்கு இப்போது மதிப்புக் குறைந்துகொண்டே வருகிறது. மகளை வேறு பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று அவனுக்கும் தெரியும். அதற்கு எந்தச் சீட்டை எடுக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் அவள் அந்த மதிய ஷிப்ட்டிலேயே சேர்ந்தாள். முதல் நான்கு மாதம் தினமும் போய்வந்தாள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பதினெட்டு வயதில் ஒரு பெண்ணின் பெயருக்குப் பணம் வருவது அதுதான் முதல் தடவை. 2022இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரை வைத்தார்கள். பொருத்தமான பெயர், ஆனால் நான் விசாரித்த தனியார் பெண்கள் விடுதிகளில் ஒரு கட்டிலுக்கு மாதம் ஆறாயிரத்துக்குக் குறைந்து கேட்கவில்லை.

இரவு ரயிலில் பெண்கள் பெட்டியில் மூன்று பேர் பழக்கமானார்கள். என் அண்ணன் மகள். பழவேற்காட்டில் பனையோலைப் பெட்டி முடையும் ஒரு முஸ்லிம் அம்மாவின் மகள். கவரைப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண், பாட்டியால் வளர்க்கப்பட்டவள். மூவரும் முதலாண்டு, மூன்று வெவ்வேறு கல்லூரி. கொருக்குப்பேட்டை தாண்டியதும் நோட்டைத் திறப்பார்கள், மீஞ்சூர் வரும்வரை கணக்குப் போடுவார்கள். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. அதனால் மதியம் மூன்று மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை என்று மூவரும் ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். அக்டோபரில் என் அண்ணன் மகளுக்குச் சிறுநீர்த்தொற்று வந்து காய்ச்சலில் படுத்தாள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டர், “நெறையத் தண்ணி குடிம்மா” என்றார்.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் அறை என்ற பேச்சு வந்தது. பேசியவர்கள் அந்த மூன்று பெண்களே. திருவொற்றியூரில் ஒரு மாடி அறை, மூவருக்கும் சேர்த்து வாடகை ஐயாயிரம், முன்பணம் இருபதாயிரம். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் பெண்ணுக்குத் தனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று எழுதினார். இவர்கள் தனக்கென்று கேட்கவில்லை. மூன்று பேருக்கு ஒன்று போதும் என்றார்கள். அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை. அண்ணி யாரிடமும் கேட்காமல் காதுத் தோட்டைக் கழற்றிப் பழவேற்காட்டு அடகுக்கடையில் வைத்துவிட்டு வந்தாள். ஓலை முடையும் அம்மா சங்கத்தில் கடன் எடுத்தார். கவரைப்பேட்டைப் பாட்டி ஆடு விற்றார்.

ஒப்பந்தம் எழுத நானும் போயிருந்தேன். வீட்டுக்காரர் ஓர் அம்மாள், வயது அறுபது இருக்கும். முதலில் என்ன ஆளுங்க என்று விசாரித்தார். ‘படிக்கிற ஆளுங்க’ என்று கவரைப்பேட்டைப் பாட்டி சொன்னார். கருவாடு வறுக்கக் கூடாது என்றார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பதரைக்குள் வந்துவிட வேண்டும் என்றார். பெண்கள் மதிய ஷிப்ட் என்றதும் பத்தாக்கினார். எல்லாம் முடிந்து பேனாவை எடுத்தபோது, “ஆம்பள யாராச்சும் கையெழுத்து போடணுமே, நாளைக்கு ஒண்ணுன்னா யாரைக் கேக்கறது?” என்றார்.

“என்னைக் கேளுங்க” என்றாள் அண்ணி. “தோடு என்னுது. வாடகையும் நான்தான் குடுக்கப் போறேன். கையெழுத்துக்கு மட்டும் அவரு எதுக்கு?”

அந்த அம்மாள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியாது. பத்திரத்தை அண்ணி பக்கம் தள்ளினார். அதில் இப்போது அண்ணியின் கையெழுத்தும், ஓலை முடையும் அம்மாவின் கையெழுத்தும், பாட்டியின் கைநாட்டும் இருக்கின்றன. சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

ஜனவரி முதல் வாரம் குடி போனார்கள். அன்று இரவு பதினொன்றரைக்கு அண்ணன் மகளிடமிருந்து வாட்ஸப் வந்தது. கேஸ் அடுப்பு ஒன்று வேண்டுமாம், பழையதாக இருந்தாலும் பரவாயில்லையாம். கீழே இன்னொரு வரி: ‘பேலன்ஸ் ஷீட் டேலி ஆவல அத்தே, மூணு பேரும் போட்டுட்டோம், மூணு பேருக்கும் வேற வேற ஆன்சர் வருது.’